வகுப்பறை போனுக்குள் போன ஆண்டு



இன்று பட்டம் பெறும் நீங்கள் 2020இல் பொறியியல் சேர்ந்தவர்கள். கொரோனாவால் முதல் வகுப்பே இணையத்தில். 2021 பிப்ரவரியில் திறந்த கல்லூரிகளை மார்ச்சிலேயே மறுபடி மூடினார்கள். இணைய வகுப்புக்கென்று தமிழக அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா கொடுத்தது. அதே நாட்களில்தான் ஊரெல்லாம் உங்களைக் குறை சொன்னது: "எந்நேரமும் போனும் கையுமா இருக்காங்க."

அந்தப் பேச்சு எனக்கு அன்றும் ஒப்பவில்லை. பாடம் போனில், அசைன்மென்ட் போனில், சிநேகிதரும் போனில். என் வகுப்பில் ஒரு மாணவி. வீட்டில் அவளுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒரே போன். பகலெல்லாம் இருவர் வகுப்பும் மாறி மாறி ஓடும். தனக்கென்று அது கைக்கு வரும்போது இரவு பதினொன்று ஆகிவிடும். ரீல்ஸ், சீரிஸ், அரட்டை என்று விடியற்காலை மூன்று மணி. காலையில் திரையில் அவள் பெயர் மட்டும் இருக்கும். கூப்பிட்டால் பதில் வராது.

இணைய அடிமைத்தனத்தை அளக்க, அமெரிக்க உளவியலாளர் கிம்பர்லி யங் 1998இல் வகுத்த 20 கேள்விகளைத்தான் இன்றும் பலர் எடுக்கிறார்கள். நினைத்ததைவிட அதிக நேரம் இருந்துவிடுகிறீர்களா, தூக்கம் கெடுகிறதா என்று அவை கேட்கும். இணையத்துக்காகக் கணினி முன் போய் உட்கார்ந்த காலத்துக் கேள்விகள் அவை. கல்லூரியே இணையத்துக்குள் போன ஆண்டில் மணிக்கணக்கை மட்டும் பார்த்து ஒருவரை அடிமை என்பது நியாயமில்லை. ஆனால், வைத்துவிட நினைத்தும் போனை வைக்க முடியாமல் போன அந்த இரவுகள் உண்மை. அதை நான் மழுப்ப மாட்டேன்.

அதற்கு உங்கள் மனவுறுதியை மட்டும் குற்றம் சொல்லவும் மாட்டேன். பக்கம் முடிந்தால் விரல் நிற்கும். முடியவே முடியாமல் ஓடும் திரையை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாக வருந்தினார். உங்களில் பலர் மென்பொருள் வேலைக்குப் போகிறீர்கள். அப்படியொரு திரையைச் செய்யச் சொல்லி உங்களிடமும் வருவார்கள். யாருடைய தூக்கத்தில் கை வைக்கிறோம் என்று அப்படிச் சொல்லும் கூட்டத்திலேயே வாய்விட்டுக் கேளுங்கள்.

பழக்கம் இன்னும் விடாதவர்களும் இங்கே இருப்பீர்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதலே இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. மனநல ஆலோசனை தரும் டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் பாராமல், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். பெற்றோர்களே, பிள்ளை அந்த எண்ணைக் கூப்பிட்டால், "உனக்கென்ன பைத்தியமா?" என்று மட்டும் தயவுசெய்து கேட்டுவிடாதீர்கள்.