பூட்டு யாருக்கு, சாவி யார் கையில்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். “நமக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?” என்பது அவர் எண்ணம். உட்காருங்கள் ஐயா! உங்கள் ரேஷனும், உங்கள் கூலிக் கணக்கும், மில்லில் வேலை செய்யும் உங்கள் மகனுடைய பி.எப். பணமும் இன்று அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. பெட்டிக்குப் பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லாமல் வேறு யாருக்கு?

முதலில் ஒரு கன்னக்கோல் கதை சொல்கிறேன்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் திரைகள் திடீரென்று ஓர் அறிவிப்பைக் காட்டின. “உன் கோப்புகளைப் பூட்டிவிட்டோம். 300 டாலர் வைத்தால் திறப்போம்” என்பது அதன் சாரம். அந்தக் கிருமிக்கு வான்னாக்ரை என்று பெயர். 150 நாடுகளுக்கு மேல் அது பரவியது. பிரான்சில் ரெனால்ட் கார் ஆலைகளில் உற்பத்தி நின்றது. நம் ஒரகடத்தில் இருக்கும் ரெனால்ட்-நிசான் ஆலையும் தப்பவில்லை. இங்கிலாந்தில் மட்டும் சுமார் 19,000 நோயாளிகளின் சிகிச்சை நேரங்கள் ரத்தாகியிருக்கும் என்ற மதிப்பீட்டை அந்நாட்டுத் தணிக்கைத் துறையின் அறிக்கையே எடுத்துச் சொன்னது.

இந்தக் கன்னக்கோலைச் செய்தது எந்தப் பட்டறை தெரியுமா? அமெரிக்காவின் தேசப் பாதுகாப்பு ஏஜென்சி என்னும் ஒற்றுத் துறை! விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓர் ஓட்டை இருப்பதை அது கண்டுகொண்டது. அடுத்த வீட்டுச் சுவரில் ஓட்டையைக் கண்டால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வோம். அந்தத் துறை சொல்லவில்லை. தான் நுழைந்து வேவு பார்க்க வசதி என்று ரகசியமாக வைத்துக்கொண்டது. ஓட்டைக்கு ஏற்ற கருவியும் செய்தது. கடைசியில் அந்தக் கருவியே களவு போயிற்று! 2017 ஏப்ரலில் திருடியவர்கள் அதை ஊரறிய வெளியிட்டார்கள். ஒற்றுத் துறையிடமிருந்து திருடப்பட்ட கருவிதான் இது என்று மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைவர் பிராட் ஸ்மித்தே வெளிப்படையாக எழுதினார். ஓட்டையை அடைக்கும் ஒட்டை அந்தக் கம்பெனி மார்ச்சிலேயே தந்திருந்தது. ஆனால் ஆஸ்பத்திரிகளின் எத்தனையோ யந்திரங்கள் ஒட்டுப் போடாமலே கிடந்தன.

கிருமியை ஏவியது வட கொரியா என்று அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம் சாட்டின. வட கொரியா மறுத்தது. கள்ளன் யார் என்பதில் தகராறு இருக்கலாம். கன்னக்கோல் வந்த பட்டறை எது என்பதில் தகராறு இல்லை.

அந்தக் கிருமியை அடக்கியது யார்? பெரிய ராணுவமல்ல. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற இளைஞர், கிருமி தேடிக்கொண்டிருந்த ஓர் இணைய விலாசத்தைப் பத்து டாலர் சொச்சம் கட்டிப் பதிவு செய்தார். கிருமி ஓய்ந்தது. அதுதான் அதன் கடிவாளம் என்று பதிவு செய்த நேரத்தில் அவருக்கே தெரியாது!

இரண்டாவது கதை, காவல்காரன் கதை.

2024 ஜூலை 19. அதுவும் வெள்ளிக்கிழமைதான். கள்ளனைப் பிடிக்க வைத்த கம்பெனி ஒன்று. அதன் பெயர் கிரவுட்ஸ்ட்ரைக். பெயரில் ‘ஸ்டிரைக்’ இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள், நம் ஸ்டிரைக் வேறு! அந்தக் கம்பெனி அனுப்பிய ஒரே ஒரு கோளாறான கோப்பு, உலகெங்கும் 85 லட்சம் கம்ப்யூட்டர்களைக் குப்புறத் தள்ளியது. அமெரிக்காவின் டெல்டா கம்பெனி மட்டும் சில நாட்களில் ஏறக்குறைய 7,000 விமானப் பயணங்களை ரத்துச் செய்தது.

நாம் நோட்டீஸ் கொடுத்து ஒரு ஷிப்டு வேலையை நிறுத்தினால் ‘நாட்டின் உற்பத்தி பாழ்’ என்று தலையங்கம் எழுதுகிறார்கள். நோட்டீஸே இல்லாமல் பாதி உலகத்தைத் தடுமாற வைத்த இதற்கு அவர்கள் சூட்டிய பெயர், ‘தொழில்நுட்பக் கோளாறு’!

கோளாறான கோப்பை 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த யந்திரம் தானாக எழுந்திருக்குமா? பெரும்பாலானவற்றின் முன் ஒரு ஊழியர் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டியிருந்தது. இராப் பகலாகச் சிரமப்பட்ட கூட்டாளிகளுக்கு அந்தக் கம்பெனி நன்றி சொன்ன விதத்தைக் கேளுங்கள்: சாப்பாடு வாங்கப் பத்து டாலர் சீட்டு! அதையும் சிலர் மாற்றப் போனபோது செல்லவில்லை. ஒரே சீட்டை இத்தனை பேர் பயன்படுத்துகிறார்களே, இது மோசடியாக இருக்கும் என்று சாப்பாட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டது!

சிரித்தது போதும். அன்றைய தினம் நம் நாட்டு விமான நிலையங்களில் நடந்த ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். யந்திரம் நின்றதும், பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள். பேனாவால் எழுதிய காகிதத்தைக் காட்டி அவர்கள் விமானம் ஏறினார்கள். சரியான காரியம். யந்திரத்தின் தப்புக்கு மனிதன் ஏன் தவிக்க வேண்டும்?

இப்போது நம் ஊருக்கு வாருங்கள்.

நூறு நாள் வேலையில், 2023 ஜனவரி முதல், வருகையைச் செல்போன் செயலியில்தான் பதிய வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். நாளுக்கு இரண்டு தடவை படம் எடுத்து ஏற்ற வேண்டும். டவர் கிடைக்காத ஏரிக்கரையில் படம் எப்படி ஏறும்? படம் ஏறவில்லை என்பதால் உழைத்த நாளின் கூலி போயிற்று என்று தொழிலாளர்கள் புகார் செய்தார்கள். அந்த ஆண்டே டில்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து போராடினார்கள்.

திருட்டைத் தடுக்கத்தான் இந்தச் செயலி என்றார்கள். திருட்டு நின்றதா? 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்கள் ஏறுகின்றன, படத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள் என்று அதுவே பட்டியல் போட்டது! கள்ளன் படத்துக்குப் படம் எடுத்துப் பிழைத்துக்கொண்டான். மண்வெட்டி பிடித்த அம்மா டவருக்காகக் கையை உயர்த்தி நின்றாள்.

நான் கேட்பது ஒன்றுதான். விமானப் பயணிக்குக் கையெழுத்துக் காகிதம் செல்லும் என்றால், களைக்கொத்துப் பிடித்தவளின் வருகைக்கு மட்டும் ஏன் செல்லாது?

யந்திரத்தை நாம் வெறுக்கவில்லை. தறியை ஓட்டுகிறவனுக்கு யந்திரத்தின் அருமை தெரியும். ஆனால் நூல் அறுந்தால் தறியை நிறுத்தி முடிவார்கள். தறிக்காரனின் சம்பளத்தை அறுக்கமாட்டார்கள். அந்த நியாயம் இந்தப் பெட்டிக்கும் வர வேண்டும். யந்திரம் தவறினால் நஷ்டம் யந்திரத்தை வைத்தவனுக்கே, உழைத்தவனுக்கல்ல. சட்டங்களின் பெயர் மாறலாம், செயலிகள் மாறலாம், இந்தக் கோரிக்கை மாறாது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். வேலை செய்த ஒவ்வொரு நாளையும் ஒரு நோட்டில் எழுதி, உடன் வேலை செய்த இருவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள். போனில் வரும் ரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். “போலீஸ் பேசுகிறேன், போனிலேயே உன்னைக் கைது செய்துவிட்டேன்” என்று எவனாவது மிரட்டினால் பயப்படாதீர்கள். போனில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மூடி மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள்.

பெரியவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறார். சந்தோஷம்! ஐயா, வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டவர் இல்லாத இடத்திலும் அது வேலை செய்யும்.