இருபுறமும் தலை



பிழையோடு அச்சான நாணயங்களைச் சேர்ப்பது பற்றி வானொலியில் பேசச் சொன்னார்கள். தொழிலில் நான் டை மேக்கர், அதாவது உலோகத்தை அடித்து வடிவமாக்கும் அச்சு செய்கிறவன். அம்பத்தூர் பக்கத்து பிரஸ் ஷாப்களில் வாஷரும் பிராக்கெட்டும் அடித்துத் தள்ளியவன். அதனாலோ என்னவோ, ஒரு ரூபாய் கைக்கு வந்தால் அதில் என்ன வாங்கலாம் என்று தோன்றாது. எப்படி அடித்திருப்பார்கள் என்றுதான் புத்தி போகும்.

எரர் காயின் என்று யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: இதை மெஷின் எப்படிச் செய்திருக்கும்? பதில் கிடைத்தால் அது பிழை நாணயம். கிடைக்காவிட்டால் லாரிச் சக்கரத்தில் மாட்டிய நாணயம், அல்லது யாரோ பட்டறையில் உட்கார்ந்து பார்த்த வேலை.

நாணயச்சாலையில் முதல் வேலை, நீண்ட உலோகப் பட்டையில் வட்ட வட்டமாகத் தகடு வெட்டுவது. சப்பாத்தி மாவைத் தேய்த்து டப்பா மூடியால் பூரி வெட்டுகிறோமே, அதேதான். முன்பு வெட்டிய ஓட்டையின் மேல் மூடி பாதி விழுந்தால் பூரி பிறையாகக் கடிபட்டு வருமல்லவா? பட்டை சரியாக நகராமல் பஞ்ச் இறங்கினால் நாணயத்திலும் அதே பிறைக்கடி.

கடிபட்ட நாணயம் வந்தால் கடிக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பைப் பாருங்கள். அச்சடிக்கும் முன் தகட்டின் ஓரத்தை உருட்டி மேடாக்குவார்கள். ஒரு பக்கம் உலோகமே இல்லையென்றால் எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் சரியாக விழாது; அங்கே விளிம்பு மழுங்கிப்போகும். அரம் வைத்து ராவிய நாணயத்திலோ எதிர்விளிம்பு ஜம்மென்று நிற்கும். சேகரிப்பவர்கள் இதை பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். போலி செய்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது. நான் வானொலியில் சொல்லிக்கொடுத்துவிட்டேனோ?

எனக்கு உயிர் ப்ராகேஜ் வகைதான். அடித்த நாணயம் வெளியே விழாமல் மேல் டையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த தகடு வந்து உட்காருகிறது. பிரஸ் இறங்கும்போது மேல் டைக்குப் பதிலாக அந்த ஒட்டிய நாணயத்தின் அடிமுகம் புதுத் தகட்டில் பதிகிறது. கீழே வழக்கமான அச்சு. எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சிங்கம் புடைத்து நிற்கும். புரட்டினால் அதே சிங்கம் குழிந்து, எழுத்தெல்லாம் இடம் வலம் மாறிக் கிடக்கும். பூவே இருக்காது. ஒட்டிய நாணயம் அடிபட அடிபட விரிந்து மெலியும். அதனால் பின்னால் வரும் தகடுகளில் உருவம் பெருத்துக் கலங்கியிருக்கும். கோடுகள் கூர்மையாகக் குழிந்திருந்தால் அது முதல் அடி. சேகரிப்பவர்கள் தேடுவது அதைத்தான். ரோமானிய வெள்ளி தெனாரியஸ் காசுகளிலும், கையால் சம்மட்டி அடித்த அந்தக் காலத்திலேயே, இதே கோளாறு உண்டு.

இதற்கும் போலி இருக்கிறது. இரண்டு நாணயத்தைச் சேர்த்து வைஸில் வைத்து நெரித்தால் ஒன்றின் முகம் மற்றதில் குழிந்து பதியும். ஆனால் வைஸின் தாடை பட்ட மறுபக்கம் தட்டையாகியிருக்கும்.

ஒரு கண்காட்சியில் கல்லூரி மாணவர் ஒருவர் இருபுறமும் தலை உள்ள ரூபாயோடு வந்தார். இரண்டு சிங்கமும் புடைத்தவை. “ஷோலே படத்துல வர்ற மாதிரி சார்” என்றார். லென்ஸை விளிம்பின் உள்ஓரமாக நகர்த்தினேன். மயிரிழை போல ஒரு வட்டக்கோடு சுற்றி ஓடியது. ஒரு நாணயத்தை லேத்தில் குடைந்து, இன்னொன்றின் முகத்தைச் சீவி உள்ளே அமுக்கியிருக்கிறார்கள். மேஜிக் கடைச் சரக்கு. அந்த லேத்காரரின் கைக்கு ஒரு சபாஷ் போட்டேன். தம்பிக்கு முகம் வாடிவிட்டது.

நேரம் போகிறது, கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். பிழை என்று பலர் தூக்கி வருபவற்றில் சிலவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்குக் கீழே குறி இல்லாத நாணயம் கொல்கத்தாவில் அச்சானது. ஹைதராபாத் நட்சத்திரம் போடும், கொல்கத்தா எதுவும் போடாது. ரூபாய்ச் சின்னம் இல்லாத பத்து ரூபாயும் பிழை இல்லை. அந்தச் சின்னம் நாணயத்தில் வந்ததே 2011இல்தான். பத்து ரூபாயின் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018இல் ரிசர்வ் வங்கி சொன்ன பிறகும் நம் ஊர்க் கடைகளில் வாங்க மறுத்தார்களே, நினைவிருக்கிறதா? சோழர் காசில் உருவம் ஓரமாக ஒதுங்கியிருந்தால் அதுவும் பிழைக் கணக்கில் வராது; கையால் அடித்தது அப்படித்தான் இருக்கும். நம் ஸ்டீல் ரூபாயில் பாதி உருவம் வெளியே போயிருந்தால்தான் விசேஷம். அப்போதும் எடை குறையக்கூடாது. 25 மில்லிமீட்டர் அகல ரூபாய் என்றால் 4.85 கிராம். தராசில் கணிசமாகக் குறைந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

வீட்டு உண்டியலைக் கொட்டும்போது ஒவ்வொரு நாணயத்தையும் மேலும் கீழும் இரு விரலால் பிடித்துச் சுழற்றுங்கள். நம் நாட்டு நாணயத்தில் சிங்கம் நிமிர்ந்திருந்தால் மறுபக்கமும் நிமிர்ந்தே வர வேண்டும். சாய்ந்து வந்தால் டை திரும்பியிருக்கிறது, எடுத்து வையுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து. பழைய நாணயத்துக்கு லட்சம் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரில் நடக்கும் இந்த மோசடி பற்றி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்திருக்கிறது. உங்களில் யாருக்காவது ஒரு நல்ல ப்ராகேஜ் கிடைக்கட்டும்.