எங்கள் வீட்டில் நடை உண்டு



'உடல்நலம் காக்க உறுதி ஏற்போம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஏற்போம். ஆனால் உறுதிமொழியால் எந்த உடம்பும் தேறியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜனவரி 1-ஆம் தேதி விடியற்காலையில் நம் குளக்கரைக்குப் போய்ப் பாருங்கள். நடக்க வந்தவர்கள் கூட்டத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பொங்கலுக்குள் பாதிப் பேரைக் காணோம். மாசி பிறந்தால் பழைய பத்துப் பேர்தான் மிச்சம்.

அதே ஜனங்கள் தை மாதத்தில் என்ன செய்கிறார்கள்? தெருமுனைக் கடைக்கு வண்டியை எடுக்கிறவர் பழனிக்கு வெறுங்காலோடு நடக்கிறார்! செட்டிநாட்டு நகரத்தார் தலைமுறை தலைமுறையாகக் காவடி தூக்கி நடக்கிறார்கள். திருவண்ணாமலையில் பௌர்ணமி ராத்திரி 14 கிலோமீட்டர் கிரிவலம். எழுபது வயது ஆச்சி பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வருகிறார். எந்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார் அவருக்கு? வழக்கம் அய்யா, வழக்கம்! 'எங்கள் வீட்டில் இது உண்டு' என்று ஒரு குடும்பம் சொல்லிவிட்டால் மழையும் தடுக்காது, சோம்பலும் தடுக்காது.

கை தட்டுகிறீர்கள். சந்தோஷம். அப்படியானால் இன்னொன்றும் கேளுங்கள்.

1930, ஏப்ரல் 13. உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியிலிருந்து ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு ராஜாஜி நடந்தே புறப்படுகிறார். போகவேண்டியது வேதாரண்யம், 150 மைல். அவருக்கு வயது 51. சித்திரை வெயில். தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் துரை உத்தரவு போடுகிறார்: சத்தியாகிரகிகளுக்குச் சோறு போட்டால் சிறை, தங்க இடம் கொடுத்தால் சிறை. நம்முடைய தஞ்சைத் தரணி என்ன செய்தது தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியிலிருந்த மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டது! யார் கட்டினார் என்று போலீசுக்குத் தெரியாது. மரத்தையா கைது செய்வார்கள்? ஏப்ரல் 28-ஆம் தேதி அந்தப் படை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. அன்று நடந்த ராஜாஜி 94 வயது வரை வாழ்ந்தார். அந்த மண்ணில் பிறந்த நாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோ கூப்பிடுகிறோம்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். உங்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள்தான். காலை ஐந்தரைக்குக் குளக்கரையில் அவரைப் பார்க்கலாம். மகள் கல்யாணத்தன்றும் முகூர்த்தத்துக்கு முன்னால் நடந்துவிட்டுத்தான் மணமேடைக்கு வந்தார். முதலில் தனியாக நடந்தார். பிறகு மகன், இப்போது பேரன். அந்த வீட்டில் பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுவதற்கு முன் குடும்பமே குளத்தை ஒரு சுற்று சுற்றி வரும். பிறகுதான் கேழ்வரகுக் கூழ், அதற்கப்புறம்தான் கேக். அந்தப் பேரனுக்கு இனி யாராவது உடற்பயிற்சியைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டுமா?

அந்த மனிதரை இந்த ஊர் ஒரு மேடையிலாவது ஏற்றியிருக்கிறதா? இல்லை. யாரை ஏற்றினார்கள்? சொல்லக்கூடாது என்றுதான் வந்தேன்... சொல்லிவிடுகிறேன். போன மாதம் இதே மைதானத்தில் சிலர் ஆரோக்கியத் திருவிழா நடத்தினார்கள். மேடையில் வரகு, சாமை, குதிரைவாலி என்று முழக்கம். மேடைக்குப் பின்னால் பெட்டி பெட்டியாக ஃபிரிட்ஜில் வைத்த கலர் பாட்டில்! வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொன்று. விழா நடத்திய தம்பிமார்களே, உங்களைத்தான் கேட்கிறேன், இதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள். பதாகைக்குக் கொட்டிய பணத்தில் குளக்கரையில் நாலு விளக்குப் போட்டிருக்கக்கூடாதா? மூன்று பக்கம் விளக்கு எரியவில்லை. தென்கரையில் கட்டட இடிபாட்டைக் கொட்டி வழியை அடைத்துவிட்டார்கள். கையெழுத்து வாங்கி மனு கொடுத்தோம். மனு எங்கே போனதோ! தலைமையாசிரியர் அந்தக் கல்லிலும் முள்ளிலும் ஏறித்தான் இன்றைக்கும் நடக்கிறார். கீழே விழுந்தால் யார் பொறுப்பு? எனக்கு வயிறு எரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வந்தது. இந்த நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். இந்தப் பந்தலில் மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை, உங்கள் பை சொல்லும். உலக சுகாதார நிறுவனம் கேட்பது பெரிய வரம் ஒன்றுமில்லை. வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை. ஒரு நாளைக்கு அரைமணி, அதுவும் ஐந்து நாள்தான். ஒரு தொடர் நாடகம் ஓடும் நேரம்!

இதை எப்படி நிலைக்க வைப்பது? நம் பாட்டிமார் செய்ததையே செய்யுங்கள். ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று எண்ணெய்க் குளியலுக்குக் கிழமை குறித்தார்கள். குறித்ததால்தான் அது நின்றது. இன்றைக்கா நாளைக்கா என்று வீட்டில் யாரும் விவாதம் நடத்தவில்லை. நீங்களும் உங்கள் நடைக்கு ஒரு நேரம் குறியுங்கள், ஒரு பாதை குறியுங்கள், கூட வர ஒரு துணை பிடியுங்கள். மருமகளை அடுப்படியில் விட்டுவிட்டு மாமனார் மட்டும் நடப்பதை நான் வழக்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அரைமணி அவளுக்கும் உண்டு. தாய்மார்கள் கை தட்டுகிறார்கள், ஆண்கள் பக்கம் சத்தத்தையே காணோம்!

இன்னும் பேசலாம், கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு எல்லோரும் குளத்தின் வடகரைக்கு வாருங்கள். ஆளுக்கொரு மண்வெட்டியோ கூடையோ கொண்டு வாருங்கள். முதலில் தென்கரை இடிபாட்டை அள்ளுவோம். பிறகு தலைமையாசிரியரை முன்னால் விட்டு ஊரே அவர் பின்னால் நடப்போம். வீட்டுப் பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.