கணக்குக் கேட்பது குற்றமா?

(பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நம்மில் மூத்தவர்களுக்குப் பால் நிறுவை இன்னும் மறந்திருக்காது. விடியுமுன் பிரட்டில் நின்று பெயர் கொடுப்போம். நிரை நிரையாக மரம் வெட்டிப் பாலெடுத்து, வாளியைச் சுமந்துகொண்டு நிறுவைக் கொட்டகைக்கு வந்து வரிசையில் நிற்போம். கிராணி நிறுத்து எழுதுவார். அவர் எழுதியதுதான் கணக்கு. அந்தக் கணக்குதான் மாதக் கடைசியில் கூலி. ஓர் இராத்தல் குறைந்துவிட்டதாகத் தோன்றினால், "ஐயா, இன்னொரு தடவை பாருங்கள்" என்று கேட்க வேண்டும். கேட்டவர்களும் நம்மில் உண்டு. கேட்கப் பயந்து வாயை மூடிக்கொண்டு லயத்துக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களை நாம் குறை சொல்ல மாட்டோம். வேலையும் கம்பெனியுடையது, குடியிருந்த வீடும் கம்பெனியுடையது. கேட்டவனுக்கு இரண்டும் ஒரே நாளில் போய்விடலாம் அல்லவா?

இப்போது பால்மரம் நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. நம் ஊர்ப் பெயரையே 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த நிறுவைக் கொட்டகையில் நம் மனத்தில் எழுந்த கேள்வி மட்டும் மாறவில்லை. நம்மை நாள்தோறும் நிறுத்துக் கணக்கு எழுதுகிறார்கள். அப்படி எழுதுகிறவர்களின் கணக்கைக் கேட்பவர் யார்? கம்பெனியிடம் யார் கேட்பது? அரசாங்கத்திடம் யார் கேட்பது? இதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம்.

முதலில் நம்முடைய சொந்தக் கதையிலிருந்தே தொடங்குவோம். 1941-ஆம் ஆண்டு. யுத்த காலம், ரப்பருக்கு நல்ல விலை. ஆனால் தமிழ்த் தொழிலாளிக்குச் சீனத் தொழிலாளியைவிடக் குறைந்த கூலி. கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் வேலை நிறுத்தம் மூண்டது. சிலாங்கூரின் மற்றத் தோட்டங்களுக்கும் பரவியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னே நின்றார். அன்று தொழிலாளிகள் வைத்த கோரிக்கைகளைக் கேளுங்கள். சீனருக்குச் சமமான கூலி வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பிள்ளைகளுக்குப் படிப்பு வேண்டும். நல்ல வைத்திய வசதி வேண்டும். நம் பெண்களிடம் எவரும் முறைகேடாக நடக்கக் கூடாது. துரையும் கிராணியும் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்ல அனுமதி வேண்டும். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும். பேசவும் கூட்டம் கூடவும் சங்கம் அமைக்கவும் உரிமை வேண்டும். குறையைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது.

தோழர்களே, இந்தக் கோரிக்கைகளை மேலும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவே வாய்ப்பில்லாதிருந்த பாட்டாளி மக்கள், கூலியையும் பேச்சுரிமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். இது தற்செயல் அன்று. பேச உரிமை இல்லாதவனுக்கு இன்று ஐந்து காசு கூட்டிக் கொடுத்தால், நாளை அதைச் சத்தமில்லாமல் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தார்கள்.

இதற்குக் கிடைத்த பதில் என்ன? மே மாதத்தில் நாதனைக் கைது செய்தார்கள்; பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவரை விடுதலை செய்யக் கேட்டுத் தொழிலாளர் திரண்டபோது துருப்பு வந்தது. சிலாங்கூரில் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் மாண்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி போக அனுமதி கேட்ட மக்களுக்கு ஓர் அரசாங்கம் கொடுத்த பதில் அது.

ஏழு ஆண்டுகள் சென்றன. 1948 ஜூன் மாதத்தில் மலாயா முழுவதற்கும் அவசரகாலச் சட்டம் வந்தது. அந்தக் காலம் பொல்லாத காலம் என்பதை நாம் மறைக்கவில்லை. காட்டிலிருந்து வந்தவர்கள் தோட்டங்களில் கொலைகள் செய்தார்கள்; ஒரு பாவமும் அறியாத தொழிலாளிகளும் மாண்டார்கள். கம்பி வேலி வந்தது, அடையாளக் கார்டு வந்தது, வெட்டுக்குப் போகும்போது ஒரு பிடி சோறு கொண்டு போகிறார்களா என்று சோதனையும் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் சென்ற வழி சரியா, தவறா என்று வாதிட நாம் இங்கே வரவில்லை. ஆனால் மார்ச் மாதத்தில் பிடிபட்ட மனிதரை மே மாதத் தொடக்கத்தில் தூக்கிலிட முடிந்தது என்றால், அப்படிப்பட்ட அதிகாரம் கையில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்க ஒருவர் இருந்தே தீர வேண்டும். கேட்பவர் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நாம் தூர தேசம் போக வேண்டியதில்லை. நமக்குக் கிழக்கே, இதே சிலாங்கூரில், பத்தாங் காலி இருக்கிறது.

பத்தாங் காலிக்குப் பக்கத்தில் சுங்கை ரெமோக் என்று ஒரு ரப்பர் தோட்டம். அங்கே சீனத் தொழிலாளர் குடும்பங்கள் கொங்சி வீடுகளில் குடியிருந்தன. 1948 டிசம்பர் 11-ஆம் நாள் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்னும் பிரிட்டிஷ் பட்டாளத்தின் ஒரு பிரிவு அங்கே வந்தது. ஆண்களை ஒரு பக்கமாகவும் பெண்டு பிள்ளைகளை ஒரு பக்கமாகவும் பிரித்துவைத்தார்கள். அன்று மாலையே ஓர் இளைஞன் சுடப்பட்டான். மறுநாள் காலையில் பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றினார்கள். மீதியிருந்த ஆண்களைச் சிறு சிறு கூட்டமாக வெளியே கொண்டு போனார்கள், சுட்டுக் கொன்றார்கள். மொத்தம் 24 பேர். ஒருவர் கையிலும் ஆயுதம் இல்லை. மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். குடியிருந்த வீடுகளைத் தீ வைத்துக் கொளுத்தினார்கள்.

அரசாங்கம் வெளியிட்ட கணக்கு வேறு. கொள்ளைக்காரர்கள் தப்பியோட முயன்றார்கள், ஆகவே சுடப்பட்டார்கள் என்று சொன்னார்கள். 1949 ஜனவரியில், பிடிபட்டவர் தப்பியோடாமல் தடுக்கச் சுடலாம் என்று ஒரு புதிய விதியை எழுதினார்கள். அந்த விதி வருமுன்பே நடந்தவற்றையும் சட்டப்படி நடந்தவையாகவே கொள்ள வேண்டும் என்று அதிலேயே சேர்த்துக்கொண்டார்கள். நிறுவை முடிந்து வாளியைக் கவிழ்த்த பிறகு தராசைத் திருத்துவது போன்ற காரியம் இது. நம் தோட்டத்தில் ஒரு கிராணி இப்படிச் செய்திருந்தால் நாம் விட்டிருப்போமா?

இருபத்தோர் ஆண்டுகள் இந்தக் கணக்கே கணக்காக இருந்தது. 1970 பிப்ரவரியில் லண்டன் பத்திரிகை ஒன்று அந்தப் பட்டாளத்துப் பழைய சிப்பாய்களைத் தேடிப் பிடித்தது. தப்பியோட யாரும் முயலவில்லை, நின்றவர்களையே சுட்டோம் என்று சிலர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார்கள். போலீஸ் விசாரணை தொடங்கியது. ஜூன் மாதத்தில் அங்கே தேர்தல் நடந்து ஆட்சி மாறியது, விசாரணையும் நின்றுபோயிற்று. 1993-இல் நம் நாட்டுப் போலீஸ் ஒரு விசாரணையைத் தொடங்கியது. அதுவும் குற்றச்சாட்டு இல்லாமலே முடிந்தது.

மாண்டவர்களின் பிள்ளைகள் அதற்குப் பிறகும் விடவில்லை. மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். லண்டன் நீதிமன்றத்தின் படியேறினார்கள். 2015 நவம்பர் 25-ஆம் நாள் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றமற்றவர்களைக் கொன்றதற்கான சாட்சியம் வலுவாக இருப்பதை நீதிபதிகள் மறைக்கவில்லை. ஆனால் காலம் மிகக் கடந்துவிட்டது, இப்போது பொது விசாரணை நடத்த அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று ஐவரில் நால்வர் கூறினார்கள். விசாரணை வேண்டும் என்று நின்றவர் ஹேல் என்னும் பெண் நீதிபதி ஒருவரே. 2018-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை ஏற்கவில்லை.

காலம் கடந்தது யாரால், தோழர்களே? மாண்டவனின் மனைவியாலா? கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர்களே, நீ தட்டிய நேரம் சரியில்லை என்று சொல்வது என்ன நியாயம்?

இத்தனை காலம் கடந்தும் நியாயம் கிடைத்த இடங்களும் உண்டு. ஜாவாத் தீவில் ராவாகெடே என்னும் கிராமத்தில் 1947 டிசம்பரில் டச்சுப் பட்டாளம் ஆண்களை நிறுத்திச் சுட்டது. விதவைகள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 செப்டம்பரில் ஹேக் நீதிமன்றம் டச்சு அரசே பொறுப்பு என்று தீர்த்தது; அதே டிசம்பரில் டச்சுத் தூதர் அந்தக் கிராமத்துக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலத்தில் முகாம்களில் வதைபட்ட 5,228 பேருக்கு 2013-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு மறைவான கிடங்கில் இருந்த பழைய காலனிக் காகிதங்கள் 2011-இல் வெளியே வந்ததும் அந்த வழக்குக்குத் துணை நின்றது.

காகிதத்தின் பலத்தை ஆள்பவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். 1957-இல் மலாயா சுதந்திரம் பெற்ற சமயத்தில், கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரி நிறையக் கோப்புகளைச் சிங்கப்பூர்க் கடற்படைத் தளத்துக்குக் கொண்டுபோய்ச் சூளையில் போட்டு எரித்தார்கள் என்பதும் பின்னாளில் தெரிய வந்தது. எரித்த கோப்புகளில் என்ன இருந்தது என்று யார் சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பிள்ளைகளின் நெஞ்சில் இருந்ததை எரிக்க முடியவில்லை. ஆகவேதான் பத்தாங் காலியின் கதை இன்று நம் கையில் இருக்கிறது.

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம், இப்போது நம் ஆட்சிதானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவசரகாலம் 1960 ஜூலை 31-ஆம் நாள் முடிந்தது. மறுநாளே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. விசாரணையில்லாமல் பிடித்து வைக்கும் அதிகாரம் ஓர் இரவுகூட ஓய்வு எடுக்கவில்லை. 1987 அக்டோபரில் அந்தச் சட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிடித்தபோது, போக்குவரத்துத் தொழிலாளர் தலைவர் வி. டேவிட்டும் அதில் ஒருவர். 2012-இல் அந்தச் சட்டம் நீங்கி வேறொரு சட்டம் வந்தது. அதுவும் நீதிமன்றத்துக்குக் கொண்டு வராமல் 28 நாள் வரை காவலில் வைக்க இடம் கொடுத்தது. ஆபத்துக் காலத்துக்கு என்று வாங்கிய அதிகாரத்தை எந்த அரசாங்கமும் தானாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. வெள்ளைக்காரனுக்கு ஒரு நியாயம், நம்மவருக்கு ஒரு நியாயம் என்று நாம் வைத்துக்கொள்ளலாகாது.

கம்பெனிகளுக்கும் இதே பேச்சுத்தான். நம் பக்கத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் என்னும் ஐந்து தோட்டங்களின் கதையை நீங்களே அறிவீர்கள். தோட்டம் கைமாறிற்று, வேலை போயிற்று, வீடு வரும் என்ற வாக்கு மட்டும் நின்றது. அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு அந்த மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் அலுவலகம் அலுவலகமாக நடந்தார்கள். 245 வீடுகளுக்கான திட்டம் 2023-இல் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குள் கண்ணை மூடிவிட்ட பெரியவர்களுக்கு அந்த வீட்டுச் சாவியை யார் கொடுப்பது? ஆனாலும் ஒன்று சொல்வோம். அந்த மக்கள் ஒரு தடவை கேட்டுவிட்டு ஓய்ந்திருந்தால், அந்தத் திட்டம்கூட எழுந்திருக்காது.

ஆகவே, தாய்மார்களே, தோழர்களே, நாம் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சம்பளச் சீட்டை எறியாதீர்கள். தகரப் பெட்டியில் போட்டு வையுங்கள். வாயால் கொடுத்த வாக்கை எழுத்தில் கேளுங்கள். கொடுத்தவர் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். படித்துப் பார்க்காத காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். போலீஸ் ஒருவரைக் கொண்டு போனால், எந்தச் சட்டத்தில், எந்த ஸ்டேஷனுக்கு என்று அன்றைக்கே நான்கு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள். சங்கத்துக்குச் சொல்லியனுப்புங்கள், வக்கீலைத் தேடுங்கள். கொண்டு போகப்பட்டவர் தமிழரா, சீனரா, மலாய்க்காரரா என்று பார்க்க வேண்டாம். இன்று நம் தோட்டங்களில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையனா, இந்தோனேசியத் தாயா என்றும் பார்க்க வேண்டாம். 1948-இல் சுடப்பட்டவர்கள் சீனர், நமக்கென்ன என்று இருந்துவிட்டால், 1941-இல் நம்மவர் மாண்டதையும் பிறர் அப்படித்தானே சொல்வார்கள்?

நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். கம்பி வேலிக் காலத்தைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். நடந்ததைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அரசாங்கத்துக் கோப்பு எரிந்து போகலாம். நம் நோட்டுப் புத்தகம் நம் கையில் இருக்கட்டும்.

கணக்குக் கேட்பது குற்றமன்று. கேட்பவனுக்குப் பக்கத்தில் மற்றொருவன் போய் நிற்காமல் இருப்பதே குற்றம். அந்தக் குற்றத்தை நம் வட்டாரத்தில் யாரும் செய்ய மாட்டோம் என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறோம்.