தெருதோறும் வெள்ளச் செய்தி
(தாம்பிரபர்ணிக் கரையிலுள்ள ஒரு கிராமத்துக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையே நமக்கு ஜீவாதாரம். அம்மழை பொய்த்தால் குளம் நிரம்பாது. குளம் நிரம்பாவிடில் பிசானம் விளையாது. ஆனால் அதே மழை அளவு கடந்து பெய்யுமாயின், வீடும் மாடும் விதைநெல்லும் ஒரே இரவில் போய்விடுகின்றன. ஆகையால் மழையை வேண்டுகிற நாம், அதற்கு ஆயத்தமாயிருக்கவும் வேண்டும். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அணை கட்டுவதைப்பற்றியதன்று, ஆற்றங்கரையை உயர்த்துவதைப்பற்றியதுமன்று. அவை சர்க்கார் செய்யவேண்டிய காரியங்கள். ஒரு தெருவில் குடியிருப்போர் வெள்ளச் செய்தியை ஒருவருக்கொருவர் எவ்வாறு அறிவித்துக்கொள்வது என்பதைப்பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

2023-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் நம் பிரதேசம் பட்ட பாட்டை நீங்கள் அறிவீர்கள். 18-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் மழை பெய்தது. 95 சென்டிமீட்டர் என்றால், ஓர் ஏக்கர் நிலத்தின்மீது மட்டும் ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் தண்ணீர் கொட்டியதாக அர்த்தம். ஆறு பெருகியது, கோரம்பள்ளம் குளம் உடைத்துக்கொண்டு தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் பாய்ந்தது. மின்சாரம் நின்றது, பல கிராமங்களில் கைத்தொலைபேசிகளும் ஊமையாயின. செய்தி மிகவும் வேண்டியிருந்த நேரத்தில் செய்தி வரும் வழி அடைபட்டுப்போயிற்று.

அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், ஏறக்குறைய 800 பிரயாணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் கீழிருந்த மண்ணையும் சல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டுபோயிற்று. வெளியூரிலிருந்து உதவி வந்து சேருமுன் அப்பிரயாணிகளுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தவர்கள் பக்கத்துக் கிராமத்து ஜனங்களே. ஆபத்தில் முதலில் வந்து நிற்பவர் அயலாரே என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டியதில்லை. வெள்ளம் வந்தபின் காட்டிய அந்த ஒற்றுமையை வெள்ளம் வருமுன்னரே காட்டினால், சேதம் இன்னும் எவ்வளவோ குறையும்.

முற்காலத்தில் தலையாரி தமுக்கடித்துச் செய்தி சொல்லுவான். நீர்ப்பாய்ச்சி குளத்தங்கரையில் இரவு முழுவதும் காவலிருப்பான். கரை உடையும் அபாயம் நேர்ந்தால் கிராமத்தார் வந்து வேலை செய்யவேண்டுமென்று 1858-ஆம் வருஷத்திலேயே சென்னை ராஜதானியில் சட்டம் செய்தார்கள். பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-ஆம் வருஷத்தில் எடுக்கப்பட்டன. இப்போது எச்சரிக்கை அணையிலிருந்து ஜில்லாக் கலெக்டருக்கும், அங்கிருந்து தாலுகா ஆபீசுக்கும், அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலருக்கும் வருகிறது. ஊர் எல்லைவரை அது வந்து சேருகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஊர் எல்லையிலிருந்து கடைசி வீட்டுக்கு அதைக் கொண்டுபோவது யார்? அதுதான் நம்முடைய வேலை. அதற்கு ஐந்து காரியங்கள் அவசியம்.

முதலாவது, செய்தியின் பொருளை அறிந்துகொள்ளவேண்டும். “ஆற்றில் 20,000 கன அடி திறக்கப்படுகிறது” என்று அறிவிக்கிறார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஒவ்வொரு விநாடியும் அப்படி 20,000 மடங்கு தண்ணீர் ஓடிவரும் என்பது இதன் கருத்து. ஆனால் அத்தண்ணீர் உங்கள் வாசற்படியைத் தொடுமா, தொடாதா என்பதை எந்த அறிவிப்பும் சொல்லாது. உங்கள் தெருவின் அனுபவந்தான் சொல்லும். ஆகவே 1992-லும் 2023-லும் தண்ணீர் ஏறிய உயரம் முதியவர்களுக்கு நினைவிருந்தால், அதை ஒரு கற்றூணிலோ சுவரிலோ வர்ணத்தால் கோடிட்டு, வருஷத்தையும் எழுதிவையுங்கள். இனி வரும் ஒவ்வொரு வெள்ளத்திலும், எத்தனை கன அடி திறந்தார்கள், எந்த மணிக்குத் திறந்தார்கள், எந்த மணிக்கு நம் தெருவுக்குத் தண்ணீர் வந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வாருங்கள். நாலைந்து மழைக்காலம் கழிந்தால், அந்நோட்டுப் புத்தகம் உங்கள் தெருவுக்கு ஒரு பஞ்சாங்கமாகிவிடும்.

இரண்டாவது, அணையை மாத்திரம் நம்பியிருக்கலாகாது. 2023-இல் அணைத் தண்ணீரோடு உள்ளூர் மழையும் சேர்ந்தல்லவோ நம்மை மூழ்கடித்தது! அடியும் வாயும் ஒரே அகலமுள்ள, பக்கங்கள் செங்குத்தான ஒரு தகரப் பாத்திரத்தை மரநிழலும் கூரைநீரும் படாத வெளியில் வைத்து, காலை எட்டரை மணிதோறும் அளவுகோலால் அளந்தால் மழையின் அளவு தெரியும். ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேற்பட்டால், வானிலை இலாகாவார் அதை அதிகனமழை என்கிறார்கள். அவர்கள் அறிவிக்கும் நிறங்களில் மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் செயலில் இறங்கு என்று அறியவும். மறுகால் பாய்கிறதா, குளத்துக்கரையில் கசிவு உண்டா, வாறுகாலில் குப்பை அடைத்திருக்கிறதா என்பவற்றைப் பகலிலேயே இருவராகப் போய்ப் பார்த்து வரவேண்டும்.

மூன்றாவது, பத்து வீட்டுக்கு ஒருவரென்று செய்தி சொல்லுவோரை நியமித்துக்கொள்ளுங்கள். அவர் ஊரில் இல்லாவிட்டால் அவ்வேலையை ஏற்கும் மற்றொருவரும் இருக்கவேண்டும். ஸ்திரீகளையும் இதில் சேர்க்கவேண்டும். பகற்பொழுதில் தெருவிலிருப்போர் பெரும்பாலும் அவர்களே. நடக்கமாட்டாத முதியோர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், தினந்தோறும் இன்சுலின் போன்ற மருந்து வேண்டியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள், அவர்களைத் தூக்கிச் செல்லுவோர் யார் என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். “சொல்லிவிட்டேன்” என்பது போதாது. “கேட்டோம், புறப்படுகிறோம்” என்ற மறுமொழி கிடைத்தால்தான் செய்தி சேர்ந்ததாகக் கொள்ளவேண்டும். தொலைபேசி நின்றுபோனால், கோவில் மணியோ, பள்ளிவாசல் ஒலிபெருக்கியோ, தமுக்கோ, எது அடையாளம் என்பதையும் இப்பொழுதே பேசி முடிவு செய்யுங்கள். மின்சாரமில்லாமல் ஒலிபெருக்கி பேசாதென்பதை மறக்கவேண்டாம்.

இவ்விடத்தில் மனம்விட்டு ஒன்று சொல்லவேண்டும். பல கிராமங்களில் ஏழைகளின் குடியிருப்பு ஓடைக்கரையிலும் பள்ளத்திலும் இருக்கிறது. வெள்ளம் அங்கே முதலில் போகிறது; செய்தியோ கடைசியில் போகிறது. ஊர்ப் பெரிய தெருவில் அறிவித்துவிட்டு, காலனிக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணியிருப்பது பெரும் பிழை. பள்ளத்திலுள்ள தெருவுக்கே முதலில் ஆள் அனுப்புங்கள். மேட்டிலுள்ள பள்ளிக்கூடமும் சத்திரமும் மண்டபமும் ஜாதி வித்தியாசமின்றி யாவருக்கும் திறந்திருக்கவேண்டும். இது தருமம் மாத்திரமன்று. உயிர்களைக் காக்கும் உபாயமும் ஆகும்.

நான்காவது, வதந்திக்கு இடங்கொடுக்கலாகாது. 2015-ஆம் வருஷச் சென்னை வெள்ளத்தின்போது, முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் வெளியேறிவிட்டன என்று ஒரு பொய்ச் செய்தி பரவி ஜனங்களைத் திகிலடையச் செய்தது. ஆகவே எச்செய்தி வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: சொன்னவர் யார்? எந்தத் தேதி, எந்த மணி? எந்த இடம்? இம்மூன்றுக்கும் விடையில்லாத செய்தியை மற்றொருவருக்கு அனுப்பாதீர்கள். ஜில்லாக் கட்டுப்பாட்டு அறையை 1077 என்ற எண்ணிலும், மாகாணக் கட்டுப்பாட்டு அறையை 1070 என்ற எண்ணிலும் கேட்டறியலாம். இவ்வெண்களைத் தெருமுனையில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பது நலம்.

ஐந்தாவது, தண்ணீர் வந்துவிட்டால் துணிச்சல் வேண்டாம். அரை அடி ஆழமே ஆயினும், வேகமாக ஓடும் நீர் பெரியவர்களையும் சாய்த்துவிடும். இரண்டு அடி நீர் மோட்டார் வண்டியையே இழுத்துக்கொண்டுபோகும். ஆகையால் மூழ்கிய பாலத்தைக் கடக்க முயலாதீர்கள். மின்சாரப் பொறிகளை நீர் எட்டுமுன் வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள், ஈரக்கையுடன் தொடாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியைக் கண்டால் ஒருவர் தூரத்தில் நின்று மற்றவர்களைத் தடுக்க, ஒருவர் மின்சார ஆபீசுக்குத் தெரிவிக்கவேண்டும். மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கட்டுத்தறியில் நிற்கும் மாடு நீந்தித் தப்ப இயலாது. வெள்ளம் வடிந்தபின் பாம்பு, தேள் இருக்குமென்று ஜாக்கிரதையாக வீட்டுக்குள் நுழையுங்கள். கிணற்று நீரைச் சுத்தி செய்யும்வரை கொதிக்கவைத்தே குடியுங்கள்.

அன்பர்களே! இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு டப்பா வர்ணம், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தகரப் பாத்திரம், பத்து வீட்டுக்கு ஒரு மனிதர்—இவை போதும். வேண்டுவது மனம் ஒன்றே. வரப்புத் தகராற்றினால் பேச்சற்றுப்போன இரண்டு வீட்டார் இந்தத் தெருவில் இருந்தாலும், வெள்ளச் செய்தி அவர்களிடையே தடைப்படலாகாது. இன்று கூட்டம் கலையுமுன் ஒவ்வொரு தெருவாரும் தங்கள் பெயர்ப் பட்டியலை எழுதி முடிக்கவேண்டுமென்றும், நாளை விடிந்ததும் தூணில் முதற்கோட்டை இடவேண்டுமென்றும் உங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன்.