மூடாத வாயிலும் பக்கவாதமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. வியாதியைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்துவிட்டார். அதற்குக் காரணமில்லாமல் இல்லை. பக்கவாதம் முதுமையின் நோய் என்றே நம்மவர் எண்ணியிருக்கிறார்கள். நாற்பதைக் கடவாத ஒருவர், சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ இல்லாதவர், அலுவலகத்து மேசையிலேயே வாய் கோணிக் கை சோர்ந்து சாய்ந்தார் என்று கேட்கும்போது திகைக்கிறார்கள். சில நாட்கள் சென்றபின் “இருதயத்தில் ஓட்டை இருக்கிறது” என்று மருத்துவமனையில் சொல்லப்படுகிறது. ஊரிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்து சேர்ந்த பெற்றோர், ஓட்டையை அடைப்பதா வேண்டாமா என்று ஒரே நாளில் முடிவு செய்ய வேண்டியவர்களாகிறார்கள். அம்முடிவு பணத்தைப் பொறுத்தது மட்டுமன்று. அந்த மனிதரின் மூளையைப் பொறுத்தது. ஆகவே அதுபற்றிய செய்திகளை இங்கே கூற முற்படுகிறோம்.

முதலில் ஒரு வார்த்தை. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றுள் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தினால்தான் பெரும்பாலும் பயனுண்டு. காரணத்தை ஆராய்வது அதற்குப் பின்னரே.

பெரும்பாலான பக்கவாதங்கள் மூளைக்குச் செல்லும் குழாய் அடைபடுவதால் நேர்கின்றன. இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகையிலை, கழுத்துத் தமனியில் படியும் கொழுப்பு, சீர்குலைந்த இருதயத் துடிப்பு, நம் நாட்டிலே இன்னும் மறையாத வாதக் காய்ச்சலால் கெட்ட இருதய வால்வு என இவற்றையெல்லாம் தேடிப் பார்த்தும் காரணம் அகப்படாதவர் சிலர் எஞ்சுகிறார்கள். அவர்களிடத்தில்தான் மறைவான வழியொன்றைத் தேட வேண்டியிருக்கிறது.

உடலெங்கும் சுற்றிவந்த இரத்தம் இருதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, நுரையீரலுக்குச் சென்று, அங்கிருந்து இடப்பக்கம் வந்து, பின்னரே மூளைக்கு ஏறுகிறது. நுரையீரல் மூச்சுக்கான உறுப்பு மட்டுமன்று; நல்ல வடிகட்டியும் ஆகும். அதன் நுண்குழாய்கள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட அகலமில்லாதவை. காலின் சிரையிலிருந்து சிறு கட்டியொன்று புறப்பட்டு வந்தால் அங்கேயே தங்கிக் கரைந்துபோகும். அவ்வடிகட்டியைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி இருப்பின், காலிலே பிறந்த கட்டி மூளையைச் சென்று தாக்கும். காலில் கட்டியும் இருதயத்தில் திறந்த வழியும் கொண்டு பக்கவாதத்தால் இறந்த ஓர் இளம் பெண்ணைப் பற்றி, 1877-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் யூலியஸ் கோன்ஹைம் எழுதியிருக்கிறார்.

குறுக்குவழிகளுள் முதலாவது இருதயத்திலேயே உள்ளது. கருவிலிருக்கும் குழந்தை மூச்சு விடுவதில்லை. தாயிடமிருந்து வரும் நல்ல இரத்தம் நுரையீரலைச் சுற்றாமல், மேலறைகள் இரண்டுக்கும் நடுவேயுள்ள ஒரு வாயில் வழியாக இடப்பக்கம் செல்கிறது. குழந்தை பிறந்து அழுது நுரையீரல் விரிந்தவுடன் இடப்பக்கத்து அழுத்தம் மிகுந்து, வாயிலில் தொங்கும் திரை கதவுபோல் சாத்திக்கொள்கிறது. பலருக்கு அது ஒட்டிப்போகிறது. சிலருக்குச் சாத்தியிருக்குமேயன்றி ஒட்டுவதில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 965 இருதயங்களை ஆராய்ந்து 1984-இல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 27 பேரிடம் இந்த ஒட்டாத வாயில் காணப்பட்டது. இம்மண்டபத்தில் நானூறு பேர் இருந்தால் அவர்களுள் நூறு பேருக்கு இருக்கக்கூடும். அவர்கள் அதை அறியாமலே பேரன் பேத்திகளைக் கண்டு வாழ்வார்கள். ஆகையால் இதை ஓட்டை என்பது பொருத்தமான சொல் அன்று. குழந்தைகளுக்கு அறுவை செய்யும் பிறவி ஓட்டை வேறு, இது வேறு. இருமும்போதும் முக்கும்போதும் பெருஞ்சுமை தூக்கும்போதும் வலப்பக்கத்து அழுத்தம் கணநேரம் மிகுந்து கதவு திறக்கிறது. அக்கணத்தில் ஒரு கட்டி வந்து சேர்ந்தால்தான் ஆபத்து.

இதைக் கண்டறியும் முறை வேடிக்கையானது, எளியது. ஒலி அலைகளால் இருதயத்தைக் காணும் வித்தையை 1953-இல் ஸ்வீடன் நாட்டில் எட்லரும் ஹெர்ட்ஸும் தொடங்கிவைத்தார்கள். இரத்த ஓட்டத்தில் செலுத்தும் திரவத்திலுள்ள நுண்குமிழிகள் அந்தப் படத்தில் பளிச்சென்று தெரியும் என்பதை 1968-இல் கிராமியாக், பிரவீண் ஷா என்னும் இருவர் வெளியிட்டார்கள். இன்று செய்வது இதுதான்: ஒன்பது மில்லி உப்புநீரையும் ஒரு மில்லி காற்றையும் இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே, தயிர் கடைவதுபோல முன்னும் பின்னும் தள்ளி நுரைக்கச் செய்து, கைச் சிரையில் விரைவாகச் செலுத்துகிறார்கள். திரையிலே இருதயத்தின் வலப்பக்கம் வெள்ளையாக நிறைகிறது. குறுக்குவழி இல்லாதவருக்குக் குமிழிகள் நுரையீரலிலே வடிகட்டப்பட்டு மறைந்துபோகும். வாயில் ஒட்டாதவருக்கோ, மூன்று துடிப்புகளுக்குள் இடப்பக்கத்தில் குமிழிகள் தோன்றுகின்றன. மூச்சை அடக்கி முக்கச் சொல்லிப் பின் விடச் செய்தால் நன்கு தெரியும். நெற்றிப்பொட்டின் எலும்பு வழியே மூளைத் தமனியைக் கேட்கும் டாப்ளர் கருவியிலும் குமிழிகள் கடந்து செல்வதை ஒலியாகவே கேட்கலாம். உணவுக்குழாய் வழியே இறக்கும் கருவி வாயிலின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும். ஆனால் மயக்க மருந்து பெற்றவரால் சரிவர முக்க இயலாது. ஆகவே ஒரு சோதனை இன்னொன்றுக்கு ஈடாகாது. குமிழி செலுத்தாமல் எடுத்த சாதாரண எக்கோவில் ‘நார்மல்’ என்று எழுதியிருந்தால் இந்த வாயில் இல்லை என்று பொருளாகாது. இதை வலியுறுத்திச் சொல்லுகிறோம்.

குமிழிகள் ஐந்தாறு துடிப்புகள் தாமதித்து வந்தால் அப்போது ஐயம் நுரையீரலின்மேல் விழ வேண்டும். அதுவே இரண்டாவது குறுக்குவழி. நுரையீரலின் தமனியும் சிரையும் நுண்குழாய்களின்றி நேரே இணைந்துவிடுவது. இது அரிது, ஆயினும் தவறவிடக்கூடாதது. இதற்குக் கதவு இல்லை. இரவும் பகலும் திறந்தே இருக்கும். கட்டி மட்டுமன்றிக் கிருமிகளும் அவ்வழியே சென்று மூளையில் சீழ்க்கட்டியை உண்டாக்கும். துடிப்பை எண்ணுவது மட்டும் போதாது. குமிழிகள் நுரையீரற் சிரையின் வழியே வருகின்றனவா என்று காண வேண்டும், மார்பை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கே ஆராயாமல் இருதயத்து வாயிலை அடைத்தால் பணமும் போகும், ஆபத்தும் அப்படியே இருக்கும்.

இத்தகையவருள் பலருக்கு அது பரம்பரையாக வருவது. ரண்டு 1896-இலும், ஆஸ்லர் 1901-இலும், வெபர் 1907-இலும் விவரித்த அவ்வியாதிக்கு மூவர் பெயரும் வழங்குகின்றன. அடிக்கடி மூக்கிலிருந்து இரத்தம் வருதல், உதட்டிலும் நாக்கிலும் விரல் நுனியிலும் சிறு செம்புள்ளிகள், பெற்றோர் உடன்பிறந்தார் ஒருவருக்கு இதே தொல்லை ஆகியவை அதன் அடையாளங்கள். படுத்திருக்கும்போது சரியாக உள்ள பிராணவாயு அளவு எழுந்து நின்றால் குறைவதும் உண்டு. டாக்டர் விசாரிக்கும்போது, சம்பந்தம் பேசும் வீட்டார் காதில் விழுந்துவிடுமோ என்று அஞ்சிக் குடும்பத்து மூக்கு இரத்தத்தை மறைப்பவர்களை நாம் அறிவோம். அந்த மறைப்பு, மூளையைக் காக்கும் ஒரே தடயத்தை மறைப்பதாகும். நோய் தெரிந்துவிட்டால், தொடைச் சிரை வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் சுருள்கம்பிகளால் அந்த இணைப்பை அடைத்துவிடலாம்.

இருதயத்து வாயிலை அடைப்பதா என்ற கேள்விக்கு வருவோம். 1988-இல் பிரான்சில் நடந்த ஆராய்ச்சியில், பக்கவாதம் கண்ட 55 வயதுக்குட்பட்டவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேருக்கும், நோயில்லாதவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் இவ்வாயில் இருந்தது. ஆயினும் அடைப்பதால் நன்மையுண்டு என்பது எளிதில் நிலைபெறவில்லை. 2012, 2013-ஆம் ஆண்டுகளில் வந்த சோதனை முடிவுகள் தெளிவளிக்கவில்லை; 2017-இல் ஒருங்கே வெளிவந்த மூன்று ஆராய்ச்சிகளே நன்மையைக் காட்டின. அதுவும் அறுபது வயதுக்குட்பட்டு, வேறு காரணம் எதுவும் இல்லாதவர்களுக்கு. மருந்து மட்டும் உண்பவர்களுள் ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில் மீண்டும் தாக்கப்படுகிறார்; அடைத்தவர்களுக்கு அதில் பாதிக்கும் குறைவு. அடைத்தபின் சிலருக்குத் துடிப்புச் சீர்குலைவு நேர்வதும் உண்மை. முப்பத்தைந்து வயதினருக்கு முன்னே நாற்பது ஆண்டுகள் இருக்கின்றன. அவருக்கு இந்தக் கணக்கு பெரிது. அறுபத்தெட்டு வயதில் சர்க்கரையும் கொதிப்பும் உள்ளவருக்கு, நால்வரில் ஒருவருக்கு இருப்பது அவருக்கும் இருக்கிறது, அவ்வளவே; கொதிப்பைக் கவனிப்பதுதான் அவருக்குச் சிகிச்சை.

எனவே அவசரம் வேண்டாம். முதல் அபாயம் கடந்து, மருந்து தொடங்கிய பிறகு, “நுரையீரலைப் பார்த்தீர்களா? காலின் சிரைகளைப் பார்த்தீர்களா? துடிப்பைப் பல நாள் பதிவு செய்தீர்களா?” என்று டாக்டரிடம் பணிவோடு கேட்கலாம்; நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். காலைப் பார்ப்பதை மட்டும் தாமதிக்கக்கூடாது; கட்டி கரைந்துபோனால் சாட்சியும் போய்விடும். பிரசவமான சில வாரங்களிலும், அறுவைக்குப் பின்னரும், நெடுநேரம் அசையாது உட்கார்ந்த பயணத்துக்குப் பின்னரும் காலிலே கட்டி உண்டாவது மிகுதி. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மவர் வண்டியில் இடையிடையே எழுந்து நடப்பது நல்லது. நம் ரயில்களில் நடைபாதையில் இடம் கிடைத்தால்!

அடுத்து இளைஞர்களின் நாடகம் காத்திருக்கிறது. தனியே கேட்க விரும்புவோருக்காக விழா முடியும்வரை முன்வரிசையில் இருக்கிறோம்.