கதவைத் திறந்ததால் ஒழிந்த நோய்

(தடுப்பூசி முகாமை முன்னிட்டு நடந்த தாய்மார் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் காசளவு தழும்பைப் பார்த்திருப்போம். அது பெரியம்மைக்கு அம்மை குத்திய அடையாளம். அந்தக் காலத்தில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தயாரான அம்மைப்பாலுடன் அம்மை குத்துபவர் தெருத் தெருவாக வருவார். அவரைக் கண்டதும் பிள்ளைகளை ஒளித்து வைத்த வீடுகளும் உண்டு. முன்பின் தெரியாத ஆள். குத்தினால் காய்ச்சல் வரும், புண் ஆறப் பல நாளாகும். அந்தப் பயத்தை நாம் குறை சொல்ல முடியாது.

1939-இல் சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. காலரா, பெரியம்மை போன்ற நோய் கண்டால் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிப்பது கடமையாயிற்று. ஆனாலும் சட்டத்தால் மட்டும் நோய் போய்விடவில்லை. 1970-களில் சுகாதார ஊழியர்கள் அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "இப்படி யாருக்காவது இருக்கிறதா?" என்று வீடு வீடாகக் கேட்டார்கள். மக்கள் மறைக்காமல் சொன்னார்கள். நோயாளியைச் சுற்றியிருந்த எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980-இல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

ஹஜ் பயணத்தை எண்ணிப் பாருங்கள். கப்பலில் போன காலத்தில் ஹாஜிகளைச் செங்கடலில் உள்ள கமரான் தீவில் இறக்கி, நோய் இருக்கிறதா என்று சோதித்த பிறகே ஜித்தாவுக்கு விட்டார்கள். இன்றும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் புறப்படுகிறோம். அதை யாரும் மறுப்பதில்லை. அப்படியிருக்க, நம் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி என்றால் மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

சென்ற முகாமின்போது நம் மஹல்லாவில் சில வீடுகள் திறக்கவில்லை. அதில் எங்கள் தவறும் உண்டு. ஜும்ஆவுக்குப் பின் ஆண்களிடம் அறிவித்ததோடு நின்றுவிட்டோம். பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாயிடம் யாரும் பேசவில்லை. இம்முறை செவிலியருடன் நம் தெருப் பெண்களும் வருவார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால் சொல்லுங்கள். கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தந்தருள்வானாக. ஆமீன்.